வெனிலா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? வெண்ணிலாவுக்கும் அதற்கும் உறவு உண்டா?

குமுளிக் கடைவீதி கேட்டது:

வணக்கம். குமுளி, தேக்கடிப் பக்கத்து மசாலாக் கடைகளில் ஒவ்வொரு சரக்குக்கும் முன்னால் ஒரு சின்ன அட்டை வைக்கிறோம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர், தாயகம், பயன் என்று நாலு வரி இருக்கும். ஏலம், மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் எழுதியாகிவிட்டது. வெனிலாவில்தான் நிற்கிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்முடைய வெண்ணிலாதான் கடல் கடந்து போய் வெனிலா ஆனது, ஐஸ்கிரீம் நிலா நிறத்தில் இருப்பதே அதற்குச் சாட்சி என்கிறார்கள். ஆங்கில அகராதியைத் திறந்தால் ஸ்பானிஷ் சொல், 'சின்ன உறை' என்று பொருள் போட்டிருக்கிறது. வேறோர் இடத்தில் மெக்சிக்கோவின் பழைய மொழியில் இதற்குக் 'கறுப்புப் பூ' என்று பெயர் என்றிருக்கிறது. மலையில் பார்க்கிற வெனிலாப் பூ பச்சை கலந்த மஞ்சள், கறுப்பே கிடையாது. இதில் எது சரி? உறை என்று ஏன் பெயர் வைத்தார்கள்? தமிழில் வெனிலா, வனிலா, வென்னிலா, வண்ணிலா என்று நாலு விதமாக எழுதுகிறார்கள், எதை அச்சடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தப்பான தகவலை மூன்று மொழியில் தொங்கவிட மனம் வரவில்லை.

தேவாரம் தமிழாசிரியர்:

அகராதி சொல்வதே சரி. வழியை முழுதாகச் சொல்கிறேன், அட்டைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லத்தீனில் வாகீனா என்றால் உறை. வாளுக்குப் போடும் உறைக்கும், தானியக் கதிரை மூடியிருக்கும் உறைக்கும் அதே சொல். அது ஸ்பானிஷில் தேய்ந்து 'பாய்னா' ஆனது. எழுத்தில் வ, உச்சரிப்பில் ப. வாளை உறையிலிருந்து உருவுவதற்கு இன்றைக்கும் ஸ்பானிஷில் 'தெசென்பைனார்' என்றுதான் வினைச்சொல், அதற்குள் இந்தப் பாய்னா இருக்கிறது. அவரை, பயறு இவற்றின் நெற்றும் பாய்னாதான். அதோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்து 'பாய்னீயா' என்றாகும்போது சின்ன உறை, சின்ன நெற்று என்று பொருள். பழைய உச்சரிப்பில் கடைசி அசை 'ல்யா' என்று ஒலித்தது. அகராதிக்காரர் 'உறை' என்று மட்டும் போட்டதால்தான் உங்களுக்குக் குழப்பம். தமிழில் இதற்குச் சரியான சொல் நெற்று.

ஸ்பானிஷ்காரர்கள் இதை நெற்று என்ற பொருளில்தான் புழங்கினார்கள் என்பதற்குப் பெருவிலே ஒரு சான்று இருக்கிறது. நாம் சந்தையில் வாங்குகிற பச்சை பீன்ஸுக்கு அந்த நாட்டில் 'பாய்னீத்தாஸ்' என்று பெயர். அதே பாய்னா, விகுதி மட்டும் வேறு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1660களில் அச்சில் தெரிகிறது, அதுவும் சாக்லேட் பானத்தைப் பற்றிய எழுத்துகளில். அப்போது 'வேய்னில்லா' என்கிற மாதிரி எழுத்துக்கூட்டினார்கள். நடுவில் இருக்கும் யகரத்தைக் கவனியுங்கள். ஸ்பானிஷ் பாய்னாவில் உள்ள அதே ஒலி அது. போகப்போக அந்த ஒலி உதிர்ந்து இன்றைய வெனிலா நின்றது. வெண்ணிலா என்ற சொல்லிலிருந்து வந்திருந்தால் அந்த இடத்தில் யகரம் முளைக்கக் காரணமே இல்லை.

ஒவ்வொரு நாட்டுப் பெயரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், சரக்கு போன பாதை அப்படியே தெரியும். போர்ச்சுகீசியர் 'பவுனீல்யா' என்கிறார்கள். பிரெஞ்சில் 'வனீய்'. மடகாஸ்கர் மக்கள் 'லவனிலா' என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் முன்னால் போடும் 'லா' என்ற சுட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. இந்தோனேசியாவில் 'பனிலி', அது டச்சுக்காரர் வழி. மலையாளத்தில் வானில, நம்மிடம் வெனிலா, இரண்டும் ஆங்கிலம் வழி. சாவி, ஜன்னல், அலமாரி போல இது போர்ச்சுகீசியர் கையால் நமக்கு வந்திருந்தால் பவுனில்யா என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்போம்.

மெக்சிக்கோப் பெயர் 'த்லில்ஷோச்சித்ல்'. அது அஸ்டெக் மக்களின் நாவாத்ல் மொழி. த்லில்லி என்றால் மை, கருமை. ஷோச்சித்ல் என்றால் பூ. ஆகவே கறுப்புப் பூ என்பதும் சரியான தகவல்தான். ஆனால் அது இன்னொரு பெயர், வெனிலா என்ற சொல்லுக்கு மூலம் அல்ல. 1552இல் மெக்சிக்கோவில் எழுதப்பட்ட மூலிகைச் சுவடியிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. பூ ஏன் கறுப்பு என்பதற்குத் தோட்டத்துக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏலமலைக் கணக்குப்பிள்ளை:

சார் சொன்னதற்குப் பிறகு தோட்டத்து விஷயத்தைச் சேர்த்தால்தான் அந்தப் பெயர் ஏன் நிலைத்தது என்று விளங்கும்.

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. பீன்ஸ் என்று கூப்பிட்டாலும் அவரைக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீமைக்கொன்றை, கல்யாண முருங்கை மாதிரி தாங்கு மரத்தில் ஏற்றி, கைக்கு எட்டுகிற உயரத்தில் மடக்கித் தொங்கவிடுவது. காய் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம், விரல் கனம்கூட இருக்காது. நுனி லேசாக மஞ்சளாகும்போது பறிக்க வேண்டும். நாலு நாள் விட்டுவிட்டால் நுனியிலிருந்து நீளவாக்கில் பிளந்துகொள்ளும், உள்ளே கடுகைவிடப் பொடியான கறுப்பு விதை தெரியும். பிளந்த காய்க்கு விலை இல்லை. ஆனால் அந்த நிலையில் ஒரு காயைக் கையில் எடுத்துப் பார்த்தால், கத்தி உறை என்ற பெயர் ஏன் தோன்றியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பூ விஷயம். ஒரு கொத்தில் 15 முதல் 20 மொட்டு இருக்கும். தினம் ஒன்றிரண்டு விரியும். விடியும்போது விரிந்தது மத்தியானத்துக்குமேல் வாடிவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுசு. பூவுக்கு நடுவில் ஒரு தண்டு, அதன் தலையில் மகரந்தக் கட்டி, அதற்குக் கீழே சூல்முடி, இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய மூடி. அந்த மூடிக்கு ரோஸ்டெல்லம் என்று பெயர். (தமிழாசிரியர் சாருக்காக ஒன்று: அதுவும் லத்தீனில் 'சின்ன அலகு' என்கிற சிறுமைப் பெயர்தான்.) மூடி நடுவில் இருக்கிறவரை மகரந்தம் தானாக ஒட்டாது. மெக்சிக்கோவில் அதற்கென்று தேனீக்கள் உண்டு, நம் மலையில் கிடையாது. அதனால் எல்லாம் கைவேலை.

இடது கையால் பூவைப் பின்னாலிருந்து பிடித்து, இதழைக் கீழே தள்ளி, பல்குத்தும் குச்சி மாதிரி மழுங்கிய நுனியால் மூடியை மேலே தூக்கி, கட்டை விரலால் மகரந்தக் கட்டியைச் சூல்முடிமேல் அமுக்கிவிட வேண்டும். குச்சி கூராக இருந்தால் சூல்முடி கிழியும், பூ வீண். காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் முடிப்பது நல்லது. கைப்பழக்கம் உள்ளவர் ஒரு நாளில் 1,000 பூவுக்குமேல் முடிப்பார். சேர்ந்த பூ வாடினாலும் காம்பில் நிற்கும், சேராதது ஓரிரு நாளில் உதிரும். ஆசைப்பட்டு கொத்தில் இருக்கிற எல்லாப் பூவையும் சேர்த்தால் காய் குட்டையாகப் போகும், கொடியும் இளைத்து அடுத்த பருவம் பூக்காது. கொத்துக்கு 8 முதல் 10 போதும், அதுவும் கீழ்ப்பக்கம் பார்த்த பூவாக இருக்க வேண்டும். மேல்பக்கத்துப் பூவில் வரும் காய் வளைந்துபோகும்.

இனி கறுப்புக்கு வருவோம். பறித்த பச்சைக் காயை முகர்ந்து பாருங்கள், வெனிலா வாசனை துளிகூட இருக்காது. வாசனைப் பொருளான வெனிலின் அப்போது சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. காயின் திசுவை உடைத்து, அதற்குள் இருக்கும் நொதி வேலை செய்ய இடம் கொடுத்தால்தான் பிரியும். இதற்காகக் காயை 63 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 3 நிமிஷம் முக்கி எடுக்கிறோம். சூடு கூடிவிட்டால் நொதியே செத்துப்போகும், காய் கறுத்தாலும் மணக்காது. சூடு குறைந்தால் காய் சாகாமல் பழுத்துக்கொண்டே போய் வெடிக்கும். தெர்மாமீட்டர் இல்லாமல் கை வைத்துப் பார்த்துச் செய்கிற வேலை இது அல்ல. முக்கியதும் சூடு ஆறாமல் கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்து வியர்க்கவிட வேண்டும். மறுநாள் திறந்தால் சாக்லேட் நிறம் வந்திருக்கும். பிறகு ஒரு வாரம், பத்து நாள் தினமும் கொஞ்ச நேரம் கம்பளியில் பரப்பி வெயில், ராத்திரி மறுபடி சுற்றி வைப்பது. அப்புறம் நிழலில் தட்டுகளில் 2, 3 மாதம். கடைசியில் மெழுகுத்தாள் விரித்த மரப்பெட்டியில் மூடி இன்னும் 2, 3 மாதம். 6 கிலோ பச்சைக் காய் போட்டால் 1 கிலோ உலர்ந்தது மிஞ்சும். கன்னங்கரேலென்று, விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும்.

மெக்சிக்கோ மக்கள் கொக்கோ பானத்தில் கலந்தது இந்தக் கறுப்புச் சரக்கைத்தான். ஆகவே கறுப்பு என்பது பூவின் நிறமல்ல, பதம் பண்ணிய காயின் நிறம்.

இன்னொன்றும் இதோடு சேரும். ஐரோப்பாவுக்கு முந்நூறு வருஷம் சரக்காகப் போனது காய் மட்டும்தான். செடியைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தாலும் பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. 1836இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மொர்ரென் என்ற தாவரவியலாளர் கையால் சேர்த்துக் காய்க்க வைத்தார். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மொண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த குச்சி முறைதான் மேலே சொன்னது. இன்றைக்கும் மடகாஸ்கரிலும் இடுக்கியிலும் அதேதான். அதுவரை கப்பலில் வந்தது வெறும் உலர்ந்த நெற்று. அதனால் சரக்குக்கு நெற்று என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கூடலூர் வாசகர்:

இரண்டு பேரும் தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. இருந்தாலும் ஒரு கேள்வி. மாங்காய் ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. கட்டுமரம் கட்டமரான் ஆனது. சுருட்டு செரூட் ஆனது. மிளகுத்தண்ணி அவர்கள் சூப் பட்டியலில் ஏறியது. இவ்வளவு தமிழ்ச் சொல் போயிருக்கும்போது வெண்ணிலா மட்டும் போயிருக்க முடியாது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? ஒலி இவ்வளவு பொருந்துகிறதே.

தேவாரம் தமிழாசிரியர்:

அய்யா, நீங்கள் சொன்ன சொற்களை வைத்தே சோதித்துப் பார்ப்போம். மாங்காய் இங்கே விளைந்தது. போர்ச்சுகீசியர் மேற்குக் கரையில் வாங்கினார்கள், மாங்கா என்று எழுதினார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கட்டுமரம் நம் கடலில் மிதந்தது, வந்தவர்கள் பார்த்துப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சுருட்டு இங்கே சுருட்டியது. பொருள் எந்தத் திசையில் போனதோ அதே திசையில்தான் பெயரும் போயிருக்கிறது.

வெனிலா போன திசை நேர்மாறு. மெக்சிக்கோவிலிருந்து ஸ்பெயின், அங்கிருந்து ஐரோப்பா, பிறகு இந்தியப் பெருங்கடல் தீவுகள், கடைசியாக நம் மலை. இந்தியாவுக்குக் கொடி வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டு முன்பே ஆங்கிலத்தில் பெயர் அச்சாகிவிட்டது. 1753இல் லின்னேயஸ் தாவரப் பெயரிலேயே வெனிலா என்று போட்டுவிட்டார். இங்கே இல்லாத ஒரு பொருளுக்கு இங்கிருந்து பெயர் போக வழி இல்லை.

ஒலிப் பொருத்தத்தை நம்புகிறவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். வெண்ணிலா என்பது வெண்மை, நிலா இரண்டும் புணர்ந்த சொல், நடுவில் ண்ண இரட்டிக்கிறது. ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்து 'வ'வுக்கும் 'வெ'வுக்கும் இடையில் மங்கி ஒலிக்கிறது, அழுத்தம் முழுவதும் 'னி'யில் விழுகிறது. நாம் வெனிலா என்று எழுதத் தொடங்கியபின்தான் இரண்டும் பக்கத்தில் வந்தன. நம் எழுத்துக்கூட்டல் தந்த ஒற்றுமையை வைத்து அவர்கள் சொல்லுக்கு மூலம் தேட முடியாது.

நிறமும் உதவாது. ஐஸ்கிரீமின் வெள்ளை பாலின் நிறம். நல்ல வெனிலா போட்டிருந்தால் அதில் கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவை விதை.

தமிழின் பெருமைக்கு மாங்காயும் கட்டுமரமும் சுருட்டும் இருக்கின்றன, எல்லாம் ஆவணம் உள்ளவை. இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் சந்தேகப்படுவார்கள்.

குமுளிக் கடைவீதி:

வாத்தியாரய்யாவுக்கும் கணக்குப்பிள்ளை அண்ணனுக்கும் மிக்க நன்றி. ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. அந்த லத்தீன் சொல் இன்றைக்கு ஆங்கிலத்தில் பெண்ணுறுப்பின் பெயர். கடைக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள். இணையத்தில் சிலர் வெனிலாவே அந்த உறுப்பின் பெயரால் வந்தது என்று எழுதுகிறார்கள். அது நிஜமா? அட்டையில் லத்தீனைப் போடலாமா?

வண்டிப்பெரியார் டீச்சர்:

நிஜமில்லை தம்பி. வரிசை தலைகீழாகப் போயிருக்கிறது. லத்தீனில் உறை என்ற பொருள்தான் அடிப்படை. உடற்கூறு எழுதியவர்கள் அந்த உறைச் சொல்லை எடுத்து உறுப்புக்குப் பெயராக வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது புழக்கத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். அதற்குள் ஸ்பானிஷில் பாய்னா நூற்றாண்டுக் கணக்கில் வாளுறைக்கும் நெற்றுக்கும் பெயராக இருந்துவிட்டது. காய்க்குப் பெயர் வந்தது அந்த உறை, நெற்று என்ற பொருளில்தான். ஒரே அடிச்சொல்லிலிருந்து இரண்டு கிளை தனித்தனியாகப் பிரிந்தன, ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை. பிரெஞ்சில் உறைக்குச் சொல்லும் 'கேன்' என்பதும் இதே லத்தீன் வேர்தான், அதைக் கேட்டு யாரும் கூச்சப்படுவதில்லை.

அட்டைக்கு ஸ்பானிஷ் வரை போதும். நெருங்கிய மூலம் அதுதான். லத்தீனை விட்டால் எதையும் மறைத்ததாக ஆகாது. பிள்ளைகள் கேட்டால் 'உறை என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்' என்று நேராகச் சொல்லுங்கள்.

அந்தச் சிறுமை விகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரிந்தால் வேறு சில சொற்களும் திறக்கும். ஸ்பானிஷில் பெயரின் கடைசியில் 'இயா', 'இயோ', 'இத்தோ', 'இத்தா' சேர்த்தால் சின்னது, செல்லமானது என்று அர்த்தம். மோஸ்கா என்றால் ஈ, மோஸ்கீத்தோ என்றால் சின்ன ஈ, அதுதான் ஆங்கிலத்தில் கொசுவுக்குப் பெயர். தோர்த்தா என்றால் தட்டையான ரொட்டி, தோர்த்தீயா அதன் சின்னது. கெர்ரா என்றால் போர், கெர்ரீயா என்றால் சின்னப் போர். நெப்போலியன் படையை ஸ்பெயின் நாட்டுச் சிறு குழுக்கள் ஒளிந்திருந்து தாக்கின காலத்தில் அது ஆங்கிலத்துக்குப் போனது.

இதில் நம் பத்திரிகைகள் தொடர்ந்து செய்யும் பிழை ஒன்று உண்டு. 'கொரில்லாப் போர்' என்று எழுதுகிறார்கள். கொரில்லா ஆப்பிரிக்கக் குரங்கு, அது கிரேக்க எழுத்தில் வந்த பெயர், போருக்கு அதனோடு ஒரு தொடர்பும் இல்லை. கெரில்லாப் போர் என்று எழுத வேண்டும். வெனிலாவும் கெரில்லாவும் விகுதியால் உறவு. இரண்டிலும் எழுத்தில் இரட்டை லகரம், ஸ்பானிஷ் வாயில் யகரம், ஆங்கிலேயர் எழுத்தைப் பார்த்து லகரமாகவே படித்தார்கள், நமக்கும் அதுவே வந்தது.

நாம் அன்றாடம் சொல்லும் சப்போட்டாவும் இந்த வழிதான். நாவாத்லில் த்சபோத்ல், ஸ்பானிஷில் சபோத்தே. அந்தப் பழத்தையும் அங்கிருந்துதான் கொண்டுவந்தார்கள், சார் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

போடிமெட்டு:

எழுத்துக்கூட்டல் பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லை. வெனிலா அல்லது வனிலா, இரண்டில் எதுவும் பிழையில்லை. கம்பம், போடி, தேனிப் பக்கம் பேச்சில் வெனிலா என்பதே வருகிறது, அதையே போடுங்கள். ண் வேண்டாம், இரட்டை னகரமும் வேண்டாம். வண்ணிலா, வென்னிலா என்று எழுதினால் அந்த வாட்ஸ்அப் செய்திக்கு நாமே தீனி போட்டதாகும். மலையாள அட்டையில் வானில என்று இருக்கட்டும், அங்கே அதுதான் வழக்கம்.

ஆங்கிலத்தில் 'வெனிலா' என்றால் சாதாரணம், கூடுதல் அம்சம் எதுவும் இல்லாதது என்றும் ஒரு பொருள் இருக்கிறது. பங்குச் சந்தையிலும் கம்ப்யூட்டர்க்காரர்கள் பேச்சிலும் கேட்கலாம். ஐஸ்கிரீமில் எங்கும் கிடைக்கும் அடிப்படை வகை என்பதால் வந்த பொருள், 1970களில் பரவியது. கடையில் இங்கிலீஷ் பேசும் வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். உண்மையான காயின் விலையைப் பார்த்தால் அதைச் சாதாரணம் என்று யாரும் சொல்ல முடியாது. 2000இல் மடகாஸ்கரை ஹுதா புயல் அடித்தபிறகு விலை ஏறி ஏறி, 2003 வாக்கில் உலர்ந்த காய் உலகச் சந்தையில் கிலோ 500 டாலர் வரை போனது. அதைப் பார்த்துத்தான் இடுக்கியிலும் வயநாட்டிலும் கொடி வைத்தார்கள். ஓரிரண்டு வருஷத்தில் விலை விழுந்ததும் பலர் பிடுங்கிப் போட்டார்கள்.

வெனிலா மணம் இப்படி எங்கும் மலிவாகக் கிடைக்கக் காரணம் செயற்கை வெனிலின். 1874இல் ஜெர்மனியில் டீமன், ஹார்மன் இருவரும் ஊசியிலை மரச் சாற்றில் கிடைக்கும் கோனிஃபெரினிலிருந்து அதைச் செய்தார்கள். இப்போது பேக்கரியிலும் ஐஸ்கிரீமிலும் போடுவது பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருளில் செய்த வெனிலின். உடம்புக்குக் கெடுதி என்று சொல்லவில்லை. ஆனால் காயில் வெனிலின் ஏறக்குறைய 2 சதவீதம்தான், மிச்ச மணம் இருநூறுக்கும் மேற்பட்ட வேறு பொருள்களால் வருவது, அது செயற்கையில் இருக்காது. நீங்கள் எசென்ஸ் பாட்டிலையும் காயையும் ஒரே அட்டைக்குக் கீழே வைத்தால் வாங்குகிறவரை ஏமாற்றின மாதிரி ஆகும். பாட்டில் லேபிளில் இயற்கையா, இயற்கையை ஒத்ததா, செயற்கையா என்று போட்டிருக்கும், அதை அப்படியே எடுத்துத் தனி அட்டையில் எழுதுங்கள்.

காய் அட்டைக்கு இப்படி எழுதலாம்:

"வெனிலா. ஆர்க்கிட் இனக் கொடி ஒன்றின் பதப்படுத்திய காய். தாயகம் மெக்சிக்கோ. அங்கே இதன் பழைய பெயர் கறுப்புப் பூ. ஸ்பானிஷ் மொழியில் பாய்னா என்றால் உறை, நெற்று. பாய்னீயா என்றால் சின்ன நெற்று. அது ஆங்கிலம் வழியாக வெனிலா ஆனது. பறிக்கும்போது மணமில்லை. வெந்நீரில் முக்கி, வியர்க்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே மணம் வரும். பாலில் போடும்போது நீளவாக்கில் கீறி, விதையைச் சுரண்டி, தோலையும் சேர்த்துக் காய்ச்சவும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு காய்."

குமுளிக் கடைவீதி:

அருமை. இதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். பார்வைக்கு வைக்கிற காயில் சில நேரம் வெள்ளையாக ஏதோ பூக்கிறது. வாடிக்கையாளர் பூஞ்சை என்று திருப்பித் தருகிறார்கள். அதையும் அட்டையில் சொல்ல வேண்டுமா?

ஏலமலைக் கணக்குப்பிள்ளை:

முதலில் அது எது என்று பாருங்கள் தம்பி. நன்றாகப் பதம் வந்த காயில் வெனிலினே வெளியே வந்து படிகமாகப் படியும். மெல்லிய ஊசி ஊசியாக இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் மினுங்கும், விரலில் தேய்த்தால் மணம் தூக்கும். அது நல்ல சரக்குக்கு அடையாளம். பூஞ்சை மினுங்காது. மாவு மாதிரி அல்லது பஞ்சு மாதிரி ஒரே இடத்தில், பெரும்பாலும் காம்பு நுனியில் தொடங்கும், ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். உலர்த்துவதில் அவசரப்பட்டு ஈரம் 30 சதவீதத்துக்குமேல் இருக்கும்போதே அடைத்ததால் வருவது. அப்படி ஒன்று தெரிந்தால் அந்தக் காயைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜாடியில் மிச்சமுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் துடைத்து, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு வேறு ஜாடிக்கு மாற்றுங்கள்.

கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி, நேர் வெயில் படாத அலமாரி. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளியே எடுக்கும்போது காய்மேல் தண்ணீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். குமுளியில் ஜூன், ஜூலை மழைக்குக் காற்றே நனைந்திருக்கும், அந்த இரண்டு மாதமும் ஜாடியை வாடிக்கையாளர் கையில் திறந்து கொடுக்காமல், மாதிரிக்கு ஒரு காயைத் தனியாகச் சின்னக் குப்பியில் போட்டு முகர வையுங்கள். படிகம் பற்றி அட்டையில் ஒரு வரி போடலாம்: "காயின்மேல் மினுங்கும் வெள்ளை ஊசிகள் வெனிலின் படிகம், பூஞ்சை அல்ல."